தவறு: சைபர்

எனக்குப் பவானியைப் பிடிக்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் வந்து, நீ ஒரு பக்கமாகப் பேசுகிறாய் என்று யாரும் என்னிடம் சண்டைக்கு நிற்கக் கூடாது. ஆமாம், ஒரு பக்கமாகத்தான் பேசப் போகிறேன். வெண்மதியின் பக்கம்.

சிதம்பரம் மேல வீதியில் ஜெராக்ஸ், டைப்பிங், பிரவுசிங் மூன்றும் சேர்ந்த கடை ஒன்று வைத்திருக்கிறேன். 2011இல், மாசி மாதம் பிறந்த சமயம், வெண்மதி வேலை கேட்டு வந்தாள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், கடலூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலை பார்த்தவள். அப்படிப்பட்டவள் என் கடையில் அற்பச் சம்பளத்துக்கு ஏன் வந்து நிற்க வேண்டும்?

"எதுக்கும்மா அந்த வேலைய விட்ட?" என்று கேட்டேன்.

"ஒரு பைப்பால அக்கா" என்றாள்.

பாத்ரூம் குழாய் ஏதோ வெடித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வேறு வந்தது. அவள் சிரிக்கவில்லை. முழுக் கதையும் எனக்குத் தெரிய ஒரு வருடம் ஆயிற்று. கூட்டமில்லாத மதிய நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்குத்தான் ரத்தம் கொதித்தது.

புவனகிரியைத் தாண்டி உள்ளே போனால் அவளுடைய ஊர். ஊர் என்றால் ஊர் இல்லை, ஊருக்குக் கிழக்கே இருக்கும் காலனி. அப்பா காத்தவராயன் கரும்பு வெட்டும் செட்டில் ஓர் ஆள். அம்மா ராசம்மாள் அதே செட்டில் வெட்டிய கரும்பைக் கட்டிப் போடுகிறவள். ஆலையில் அரவை தொடங்கிவிட்டால் இரண்டு பேரின் கைகளிலும் கரும்புத் தோகை அறுத்த கோடுகள் இருக்கும். மகளைக் கரும்புக் கொல்லைப் பக்கமே வரவிடாமல் படிக்க வைத்தார்கள். 2004இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள்.

அங்கே லேபில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடும் லினக்ஸ் கம்ப்யூட்டர்கள் சில இருந்தன. மற்றப் பிள்ளைகளுக்கு அதைக் கண்டாலே வேப்பங்காய். இவள் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டாள். "சொன்னத சொன்னபடி செய்யும்க்கா. ஆளப் பாத்துப் பேசாது" என்பாள். ஷெல் ஸ்கிரிப்ட் எழுதுவதில் அவளுக்குக் கை வந்துவிட்டது. ஷெல் ஸ்கிரிப்ட் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. இதைச் செய், அடுத்து இதைச் செய் என்று கம்ப்யூட்டருக்கு வரிசையாக எழுதிக் கொடுக்கும் கட்டளைகள். நடுவில் எதையாவது எண்ணி ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். வேரியபிள் என்பார்கள். பெயரை ஒட்டிய டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் அந்த டப்பாக்களுக்கு இங்கிலீஷில் பெயர் வைப்பார்கள். வெண்மதிக்கு இங்கிலீஷ் கொஞ்சம் இழுபறி. அவள் மொத்தம், பட்டியல், தவறு என்று தமிழிலேயே பெயர் வைத்து, இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பாள். வகுப்பே சிரித்தது. சிரிக்காதவள் பவானி ஒருத்திதான்.

பவானி முட்லூர்ப் பக்கத்துப் பெண். நிலம் நீச்சு உள்ள குடும்பம். நாலு பேர் இருக்கும் இடத்தில் கணீரென்று பேசுவாள், யாரிடமும் கூச்சம் கிடையாது. வெண்மதியின் டிபன் பாக்ஸில் கருவாட்டுக் குழம்பு இருந்தால் அதை அவள்தான் முழுதும் தின்பாள். கல்லூரியில் மூன்று வருடமும் ஒரே பெஞ்சு. ஆனால் பவானி வீட்டுக்கு வெண்மதி ஒரு தடவைகூடப் போனதில்லை. அவளும் கூப்பிட்டதில்லை, இவளும் கேட்டதில்லை. அதை ஒரு குறையாக வெண்மதி நினைத்ததும் இல்லை. எனக்கென்றால் அப்போதே உறுத்தியிருக்கும்.

2008இல் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போனார்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் கெடிலம் இன்ஃபோ சர்வீசஸ் என்று ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி வைத்திலிங்கம். கெட்டவர் இல்லை, எந்தப் பக்கம் காற்று அடிக்கிறதோ அந்தப் பக்கம் சாய்கிறவர். சிநேகிதிகள் இருவரும் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். "நீ எழுது, நான் பேசறேன்" என்றாள் பவானி. ஸ்கிரிப்ட் வெண்மதி எழுதுவாள். அதை வாடிக்கையாளரிடம் விளக்கிச் சொல்லிப் பாராட்டு வாங்கி வருவது பவானி. வெண்மதிக்கு அதில் வருத்தமே இல்லை, நாலு பேர் முன்னால் நின்று பேச வேண்டியதில்லை என்று நிம்மதிதான்.

அடுத்த வருடம் ஒரு சர்க்கரை ஆலையின் வேலை வந்தது. ஆலையின் பெயர் எதற்கு, வேண்டாம். கரும்பு போட்ட விவசாயி நினைத்த நாளில் வெட்டிவிட முடியாது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வர வேண்டும். அது வந்ததும் குறித்த தேதிக்குள் ஆள் பிடித்து வெட்டி அனுப்ப வேண்டும். தவறவிட்டால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். கரும்பு கொல்லையிலேயே நின்று பூத்து, எடை இழந்து, சக்கையாகும். முன்பெல்லாம் ஆலை ஆட்கள் பைக்கில் ஊர் ஊராகப் போய் ஆர்டரைச் சொன்னார்கள். இனி செல்போனில் மெசேஜாக அனுப்பலாம் என்று முடிவானது. அதற்கான ஸ்கிரிப்டை வெண்மதி எழுதினாள்.

அது செய்தது இவ்வளவுதான். ஆலை தினமும் அனுப்பும் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படிக்கும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதற்கு லூப் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் மெசேஜ் அனுப்பும். போய்ச் சேராவிட்டால், தவறு என்ற டப்பாவில் ஒன்றைக் கூட்டி, அந்த விவசாயியின் பெயரைத் தனியாகக் குறித்துவைக்கும். லூப் முடிந்ததும் தவறு சைபருக்கு மேலே இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அந்தப் பெயர்களை ஆலைக்கு அனுப்பும், ஆலை ஆள் பைக்கை எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்வான். சைபர் என்றால் அந்தக் குறிப்பை அழித்துவிட்டு, 'தவறு: சைபர்' என்று ரிப்போர்ட் அடித்துவிட்டு நின்றுவிடும். ஒரு அரவைப் பருவம் முழுதும் ஒழுங்காக ஓடியது. பவானி ஆலைக்குப் போய் இதை விளக்கியபோது அவளுக்குச் சால்வை போடாத குறை. ஸ்கிரிப்ட் எழுதியது அவள்தான் என்று ஆலையில் நினைத்தார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை.

2010 மார்கழியில் வெண்மதிக்கு அம்மை போட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வேப்பிலையோடு வீட்டில் கிடந்தாள். அந்தச் சமயத்தில் ஆலையில் பட்டியலை எக்செல்லில் அடிக்கத் தொடங்கினார்கள். எக்செல்லிலிருந்து வந்த ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்தது. போன் நம்பரோடு அது சேர்ந்ததால் எந்த மெசேஜும் போகவில்லை. பவானி தனியாக உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்து, பட்டியலை லூப்புக்குள் விடுவதற்கு முன்னால் வடிகட்டும்படி ஒரு மாற்றம் செய்தாள். மெசேஜ்கள் மறுபடி போயின.

வெண்மதி தேறி வந்த முதல் நாள் பஸ்ஸில் பவானிக்குப் பெருமை தாங்கவில்லை. "எக்செல் குப்பைய வடிகட்டி வுட்டுட்டேன்டி, நீ இல்லாமலே!" என்று ஆலப்பாக்கம் வருவதற்குள் பலமுறை சொல்லிவிட்டாள். வெண்மதிக்கும் சந்தோஷம். அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் தவறு சைபர், மறுநாளும் சைபர், அதற்கு மறுநாளும் சைபர். முன்பு தினமும் நாலைந்தாவது இருக்கும். வடிகட்டியதில் அதுவும் சரியாகிவிட்டது என்று இருவரும் நினைத்தார்கள். ஆலை ஆட்களும் வாயைத் திறக்கவில்லை. பைக்கை எடுக்க வேண்டாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

தை முடியும் நேரத்தில் ஒரு நாள் காலை, ஆலையின் கரும்பு அதிகாரி பொன்னுரங்கம் மாடிப்படி அதிர ஏறி வந்தார். வைத்திலிங்கத்தின் மேஜைமேல் ரிப்போர்ட்டைப் போட்டார்.

"மூணு ஊருல டவரு செத்துக் கெடக்கு சார், ஒரு வாரமா. அந்த ஊருக்கெல்லாம் ஒண்ணு வுடாம மெசேஜ் போச்சுன்னு உங்க ரிப்போர்ட் சொல்லுது. யாரு கொண்டு போயிக் குடுத்தா, காக்காவா?"

வைத்திலிங்கத்துக்கு வேர்த்துவிட்டது.

"கரும்பு பூத்துப் போயி நிக்குது. வெவசாயிங்க ஆலை கேட்டுல உக்காந்துக்கிட்டாங்க. யாரு பண்ண வேலைன்னு பேரு கேக்கறாங்க. நான் போயி ஒரு பேரு சொல்லணும். இல்லன்னா காண்ட்ராக்ட்ட முடிச்சுக்கலாம்."

"யாரும்மா இத எழுதினது?" என்று வைத்திலிங்கம் திரும்பினார். அவருக்குத் தெரியாதா? தெரியும். வாய்க்கு வந்ததைக் கேட்டார்.

"வெண்மதிதான் சார்" என்றாள் பவானி. "தவறு, பட்டியல்னு தமிழ்ல பேரு வெச்சிருக்கு பாருங்க. அவ மட்டுந்தான் அப்படி வெப்பா."

ரெண்டு வருடமாகத் தன் பெயரில் பாராட்டு வாங்கியவள், முதல் தடவையாக அது யாருடையது என்று சொன்னாள். வெண்மதிக்கு அப்போதும் அது தப்பாகத் தோன்றவில்லை. நான் எழுதியதைத்தானே நான் எழுதியது என்கிறாள், உண்மைதானே என்று நினைத்தாளாம். வெகுளி. "சாயங்காலத்துக்குள்ள கண்டுபுடிச்சுச் சொல்றேன் சார்" என்று போய் உட்கார்ந்தாள். கண்டுபிடிக்காவிட்டால் வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, படித்துவிட்டு வந்து காரியத்தைக் கெடுத்தவள் என்ற பேர் நிற்கும். அவளுடைய காலனியிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த முதல் பெண் அவள். அடுத்து வரும் பெண்ணுக்கும் அந்தப் பேர்தான் முன்னால் போய் நிற்கும்.

அவள் முதலில் சந்தேகப்பட்டது தன்னைத்தான். தமிழ்ப் பெயரை இங்கிலீஷில் அடிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. தவறு என்பதை டி-ஏ என்றும் தொடங்கலாம், டி-ஹெச்-ஏ என்றும் தொடங்கலாம். ஓரிடத்தில் அப்படியும் ஓரிடத்தில் இப்படியும் அடித்திருந்தால் கம்ப்யூட்டருக்கு அது இரண்டு டப்பா. ஒன்றில் போட்டுவிட்டு இன்னொன்றைத் திறந்து பார்த்தால் சைபர்தான் இருக்கும். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவன், "இதுக்குத்தான் இங்கிலீஷ்ல வெக்கணும்ங்கறது" என்று நக்கலடித்தான். ஒவ்வோர் இடமாகத் தேடிப் பார்த்தாள். எல்லாம் ஒரே எழுத்து.

நடுவில் எங்காவது டப்பாவை மறுபடி சைபர் ஆக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பிறகு லூப்புக்கு உள்ளேயே, ஒவ்வொரு தடவையும் தவறு எவ்வளவு என்று திரையில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்த்து, டவர் இல்லாத ஊர்களின் பட்டியலைக் கொடுத்து ஓடவிட்டாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி முப்பத்தொன்றில் நின்றது. லூப் முடிந்து அடுத்த வரியிலேயே சைபர். உள்ளே முப்பத்தொன்று, ஒரு வரி தள்ளி வெளியே சைபர். நடுவில் யாரும் தொடவில்லை.

"எனக்குப் பைத்தியம் புடிச்சிடும் போல இருந்துச்சுக்கா. இத்தன வருசத்துல அது என்கிட்ட பொய் சொன்னதே இல்ல" என்றாள் என்னிடம்.

அதை ஒதுக்கிவிட்டு, மூன்றே வரி உள்ள ஒரு பொம்மைப் பட்டியலைச் செய்தாள். வரிகளை எண்ணும் ஒரு பொம்மை லூப். பட்டியலை லூப்பின் கடைசியில் அம்புக்குறி போட்டு நேராகக் கொடுத்தாள், அவள் வழக்கமாக எழுதும் விதம் அதுதான். வெளியே மூன்று என்று காட்டியது. அதே பட்டியலை லூப்புக்கு முன்னால் ஒரு நெடுக்குக் கோடு போட்டு அதன் வழியாக உள்ளே விட்டாள். அந்தக் கோட்டுக்குப் பெயர்தான் பைப். வெளியே சைபர்.

விஷயம் என்னவென்றால், பைப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற லூப்பை, ஸ்கிரிப்டை ஓட்டுகிற புரோகிராமான தாய் ஷெல் தானே ஓட்டுவதில்லை. ஒரு பிள்ளை ஷெல்லை உண்டாக்கி அதனிடம் விட்டுவிடுகிறது. பிள்ளை தாயிடமிருக்கும் டப்பாக்களை நகல் எடுத்துக்கொண்டு போய், நகலில்தான் எண்ணுகிறது. லூப் முடிந்ததும் பிள்ளையும் போய்விடுகிறது, நகலும் போய்விடுகிறது. தாயின் டப்பாவில் முதலில் போட்ட சைபர் அப்படியே இருக்கிறது. என் கடை பாஷையில் சொன்னால், ஜெராக்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒரிஜினலில் தேடுகிற கதை.

வெண்மதி ஆலை ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தாள். வடிகட்டும் வரிக்கும் லூப்புக்கும் நடுவில் அந்தக் கோடு நின்றது. அவள் போட்டதில்லை. பவானி வடிகட்டிப் பெருமைப்பட்ட அதே இடம்.

அவளுக்குக் கோபம் வரவில்லையாம். யார் வேண்டுமானாலும் அப்படித்தான் போட்டிருப்பார்கள். அவளே அன்று வீட்டில் கிடக்காமல் இருந்திருந்தால் அவளே போட்டிருப்பாள். நேரே முதலாளியிடம் போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். இவள் பவானியைத் தேடிக்கொண்டு, இருவரும் வழக்கமாகச் சாப்பிடும் மொட்டை மாடிப் படிக்குப் போனாள்.

"கெடச்சிடுச்சு பவானி. நீ போட்ட பைப்புதான்."

"அது வேல செஞ்சுதே?"

"வேல செஞ்சுது. எண்ணிக்கைய மட்டும் முழுங்கிடுச்சு. எனக்கே இன்னைக்குத்தான்டி தெரியும்."

பவானிக்கு முகம் வெளுத்துவிட்டது. "எங்க உத்திராபதி மாமா கரும்பும் அதுல மாட்டிக்கிச்சுடி. வூட்ல உக்காந்துக்கிட்டு, எவ கை பட்டுச்சோ அந்தக் கை வெளங்காமப் போவட்டும்னு திட்டிக்கிட்டே இருக்காரு. அவரு புள்ள இளவரசுக்குத்தான் என்னப் பேசி வெச்சிருக்காங்க. வைகாசில கல்யாணம். அது நான்தான்னு தெரிஞ்சா?" என்று அழத் தொடங்கிவிட்டாள்.

வெண்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சார்கிட்ட நீயே போயி சொல்லு. தெரியாமப் பண்ணதுதான? நானும் கூட வந்து நிக்கறேன். திரும்பி வந்து பாக்காம வுட்டேன், என் மேலயும் தப்பு இருக்குன்னு சொல்றேன். ரெண்டு பேரா சொன்னா ஒண்ணும் ஆவாது."

பவானி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நானே சொல்றேன். நீ வராத, நீ வந்தா எனக்கு அழுவ வந்துடும். அந்தப் பைப்பு ஏன் அப்படிப் பண்ணுது, எனக்கு ஒருவாட்டி சொல்லு. சார் கேட்டா பதில் சொல்லணும்ல."

இந்த இடத்தை வெண்மதி சொன்னபோது நான் ஜெராக்ஸ் மிஷினை நிறுத்திவிட்டேன். "சொல்லிக் குடுத்தியா?" என்றேன். "சொல்லிக் குடுத்தேன்க்கா" என்றாள். தாய் ஷெல், பிள்ளை ஷெல், மூன்று வரிப் பொம்மைப் பட்டியல், இனி எப்படிச் சரிசெய்வது எல்லாவற்றையும் பொறுமையாக, பவானிக்குப் புரிந்துவிட்டது என்று தெரியும்வரை சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

பவானி கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெண்மதியைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே போனால், பவானி வெள்ளைப் பலகையில் மார்க்கரால் ஒரு பெரிய கட்டமும் அதற்குள் ஒரு சின்னக் கட்டமும் போட்டிருந்தாள். தாய் ஷெல், பிள்ளை ஷெல். பொன்னுரங்கம் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நல்ல வேள, பவானி கண்டுபுடிச்சிட்டா" என்றார் வைத்திலிங்கம். "என்னம்மா வெண்மதி, இவ்ளோ வருசமா எழுதற, பைப்பு போட்டா எண்ணிக்க வெளிய வராதுன்னு உனக்குத் தெரியாதா?"

வெண்மதி பவானியைப் பார்த்தாள். பவானி பலகையைப் பார்த்தாள்.

"பவானி, அந்தப் பைப்பு நீதான போட்ட?"

"இப்ப எதுக்கு வெண்மதி என் மேல பழி போடற? தவறுன்னு பேரு வெச்சது யாரு? முழுக்க உன் எழுத்துன்னு அந்தப் பேரே சொல்லுதே."

குரல் நடுங்கவே இல்லையாம். நாலு பேர் முன்னால் பேசுவதுதான் அவள் வேலையாயிற்றே. கல்லூரியில் எல்லோரும் சிரித்தபோது சிரிக்காதவள், அந்தப் பெயரையே பிடித்து இவளைக் காட்டிக்கொடுத்தாள். காட்டிக்கொடுத்தாள் என்று சொல்வதும் சரியில்லை, இல்லாத குற்றத்தை எப்படிக் காட்டிக்கொடுப்பது?

வெண்மதி தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்து ஸ்கிரிப்டைத் திருத்தினாள். வடிகட்டிய பட்டியலை முதலில் தனியாகச் சேமித்து, பிறகு அம்புக்குறி வழியாக லூப்புக்குக் கொடுத்தாள். ஓடவிட்டாள். வெளியேயும் முப்பத்தொன்று. பெயர்கள் வந்து விழுந்தன. அதை எடுத்துக்கொண்டு போய்ப் பொன்னுரங்கத்திடம் கொடுத்தாள். "இவுங்களுக்கு இன்னைக்கே ஆள் அனுப்புங்க சார்" என்றாள். இவளை எதில் சேர்ப்பது?

பொன்னுரங்கம் அதை வாங்கிக்கொண்டு, "உம் பேரு என்னாம்மா சொன்ன? வெண்மதியா?" என்று உறுதி செய்துகொண்டு கிளம்பினார். அவருக்கு விவசாயிகளிடம் சொல்ல ஒரு பெயர் வேண்டியிருந்தது.

அவர் போனதும் வைத்திலிங்கம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உன்ன வேலைய வுட்டு அனுப்பல வெண்மதி. நீ இல்லாம முடியாதுன்னு எனக்குத் தெரியும். எப்பவும் போல எழுது. ஆனா ஆலைக்குப் போற எதுலயும் உம் பேரு வேணாம், அங்க போவவும் வேணாம். உன்ன நீக்கிட்டோம்னு அவுங்ககிட்ட சொல்லிடறேன். நீ பாட்டுக்கு உள்ள இருந்து வேல பாரு. வெளிய பவானி பாத்துக்குவா."

அவருக்கு இது பெரிய தயவாகத் தெரிந்திருக்கிறது.

"உள்ள எண்ணு ஏறுது, வெளிய சைபர்" என்றாள் வெண்மதி. "இதத்தான சார் காலையிலேருந்து தப்புன்னு தேடிக்கிட்டிருந்தேன்?"

அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. பவானிக்குப் புரிந்தது. வெண்மதி டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு இறங்கியபோது, அவள் படியில் ஓடி வந்து கையைப் பிடித்தாள்.

"என்ன மன்னிச்சிருடி. எம் பேரு வெளிய போனா எங்க சனம் பூரா தெரியும், கல்யாணமே நின்னுடும். உம் பேரு அங்க யாருக்குத் தெரியும்? நீ தாங்கிக்குவ வெண்மதி. எனக்கு முடியாது."

இந்த இடத்தில் ஓங்கி ஒன்று விட்டிருக்க வேண்டாமா? வெண்மதி கையை விடுவித்துக்கொண்டு, "பஸ்ஸு போயிடும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். நீ தாங்கிக்குவ என்றாளே, அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. தாங்குகிறவள் என்று கண்டால் தலையில் ஏற்றிவிடுவதா? இத்தனை வருடம் கருவாட்டுக் குழம்பைத் தின்றதற்கு அவள் கண்டுகொண்டது அதுதான் போலிருக்கிறது.

வெண்மதி வீட்டில் நடந்ததைச் சொல்லவில்லை. ஆபீசில் லீவு விட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தாள்.

பூத்து நின்ற கரும்பை எல்லாம் ஆலை அவசரமாக வெட்டச் சொன்னது. செட்டுகளைத் திருப்பிவிட்டார்கள். காத்தவராயனின் செட்டு போய் இறங்கியது உத்திராபதியின் கொல்லையில். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அந்தப் பக்கத்தில் இருக்கும் செட்டே கொஞ்சம்தான்.

இரண்டாம் நாள் வேலை முடிந்து வந்த காத்தவராயன் கை கால் கழுவாமலே மகளிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, உங்க ஆபீசுல உம் பேருல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"இல்லப்பா. ஏன்?"

உத்திராபதி வரப்பில் நின்றுகொண்டு நாள் முழுதும் பேசியிருக்கிறார். எவளோ வெண்மதியாம், படித்துக் கிழித்தவளாம், எண்ணக்கூடத் தெரியாதவளுக்கு எவன் வேலை கொடுத்தான் என்று. இன்னும் சொன்னதை எல்லாம் நான் எழுத மாட்டேன். உம் பேரு அங்க யாருக்குத் தெரியும் என்று பவானி கேட்டாள் அல்லவா? அந்தக் கொல்லையில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவள் கல்லூரியில் சேர்ந்தபோது மிட்டாய் வாங்கித் தின்றவர்கள் அவர்கள். எல்லோரும் நிமிர்ந்து காத்தவராயனைப் பார்த்தார்கள். உத்திராபதிக்கு மட்டும் தெரியாது.

"பேரு என்னுதுப்பா. தப்பு என்னுது இல்ல" என்றாள் வெண்மதி. ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள். பைப்பைக்கூடச் சொன்னாள். ராசம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். காத்தவராயன் கடைசிவரை நின்றபடியே கேட்டார்.

"நீ பண்ணியிருக்க மாட்டன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

"அவருகிட்ட என்னப்பா சொன்ன?"

"எம் பொண்ணுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. இன்னும் பாதிக் கொல்ல நிக்குது. வேலைய வுட்டுப் போன்னுட்டா செட்டு பூராவும்ல போவணும். ஒண்ணும் சொல்லாம வெட்டிக்கிட்டே இருந்துட்டேன்."

மறுநாளும் அவர் அங்கேதான் வெட்டப் போனார். வெண்மதி முதல் பஸ்ஸைப் பிடித்துச் சிதம்பரம் வந்து என் கடைவாசலில் நின்றாள்.

இப்போது என் கடையின் பாதி அவளுடையது. இன்று வரை அப்பாவிடம் வேண்டிய அளவுக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வாரம் நான் அவரைப் பற்றிச் சமாதானமாக ஏதோ சொல்லப் போனேன். கூலிக்காரர், அவர் என்ன செய்வார், செட்டு முழுவதன் சோறும் அதில் இருந்ததே என்று. அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பவானிக்குக் கல்யாணம் இருந்துச்சு, எம் பேரச் சொன்னா. சாருக்குக் காண்ட்ராக்ட் இருந்துச்சு, ஒத்துக்கிட்டாரு. அவுங்கள நான் திட்டிட்டுப் போயிடுவேன்க்கா. எங்கப்பா எனக்காகச் சண்ட போட வேணாம், நான் தப்பு பண்ணலன்னுகூட அங்க சொல்ல வேணாம். எம் பொண்ணுதான்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"